இசைத்தட்டும் வரலாற்றுச் சான்றும்

கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஏட்டுச்சுவடி ஆகியனவே வரலாற்றாசிரியனுக்குரிய சான்றுகள் என்று பள்ளிப் பாடநூல்கள் கூறிவந்தன. கடந்த நூற்றாண்டில் அவ்வரிசையில் மற்றுமொரு சான்று வந்து சேர்ந்தது. அதுவே இசைத்தட்டு. முன்னைய காலத்து இசை எவ்வாறிருந்தது என்பதை அறிய விரும்புவோர், நூல்களிற் காணும் வருணனைகளையும் சுரக்குறிப்புகளையும் துணைக்கொண்டு ஊகித்தல் வேண்டும். 20 ஆம் நூற்றாண்டின் இசையையோ நாம் செவியாற் கேட்கின்றோம். மறைந்து பல்லாண்டுகள் கழிந்த பாடகர் நம் வீட்டு முற்றத்திற் பாடுகின்றார். இத்தகைய சான்று பொய் சொல்லுமா என்று எவரும் நினைத்தல் இயல்பு. இசைத்தட்டுக் கூறும் வரலாற்றை எந்த அளவிற்கு நம்பலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இவ்வினாவை ஆராய்வதற்கு அமெரிக்க நாட்டின் ஜாஸ் இசை மிகப் பொருத்தமானது. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரின் வழித்தோன்றல்கள், நியூ ஓர்லீன்ஸ் என்னும் துறைமுக நகரிலே தம் பழைய தாளங்களையும் ஐரோப்பிய வாத்தியங்களையும் இணைத்து வளர்த்த இசை அது. நமது கச்சேரிகளிற்போல அதிலும் மனோதர்மமே உயிர். ஒருநாள் வாசித்தது மறுநாள் அவ்வாறே வருவதில்லை. எழுதிவைத்த சுரத்தாளைப் பார்த்து அதனை முழுமையாக அறியவும் இயலாது. ஆதலால் ஜாஸ் இசைக்கு ஒலிப்பதிவே ஏடு. அந்த ஏட்டை எழுதியவர் யார், எவ்வாறு எழுதினார், எதனை எழுதாது விட்டார் என்பனவற்றை நாம் கேட்டறிதல் வேண்டும்.

தோமஸ் அல்வா எடிசன் ஒலியைப் பதியும் பொறியைக் கண்டுபிடித்த ஆண்டு 1877. அதே ஆண்டிற்றான் நியூ ஓர்லீன்ஸ் நகரிலே படி போல்டன் என்னும் கறுப்பினக் கலைஞர் பிறந்தார். கோர்னெட் எனப்படும் சிறு எக்காளத்தை அவர் ஊதிய திறத்தைப் பின்வந்தோர் பலர் வியந்து கூறியுள்ளனர். ஜாஸ் இசையின் முதல்வர் அவரே என்பாரும் உளர். 1907 இல் மனநோயினால் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்ட அவர், 1931 இல் அங்கேயே காலமானார். அவர் ஊதிய ஒரு சுரமேனும் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. எடிசனின் பொறியும் போல்டனின் கலையும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில் வாழ்ந்தும் ஒன்றையொன்று சந்திக்காமலே போயின.

ஜாஸ் என்ற பெயருடன் முதன்முதல் வெளிவந்த இசைத்தட்டு, 1917 பெப்ரவரி 26 ஆம் நாள் நியூயோர்க்கில் விக்டர் நிறுவனத்தாற் பதிவு செய்யப்பட்டது. வாசித்தவர்கள் நியூ ஓர்லீன்ஸிலிருந்து வந்த ஐவர், ஐவரும் வெள்ளையர். கறுப்பின மக்கள் வளர்த்த கலையின் முதற் சாசனத்தில் அவர்தம் பெயர் ஒன்றுகூட இல்லை. இத்தட்டை மட்டும் சான்றாகக் கொண்டு ஒருவன் வரலாறு எழுதுவானாயின், அவன் எழுதுவது அடிமுதல் பிழையாகவே அமையும். மன்னன் வெட்டுவித்த கல்வெட்டில் மன்னன் பெயர் இருக்கும், கல் சுமந்தவன் பெயர் இராது என்று மாணவர்க்கு நாம் கற்பிப்பது இங்கும் பொருந்தும்.

இனி அக்காலத்துப் பதிவு முறையைச் சிறிது நோக்குவோம். மின்சார ஒலிவாங்கி அன்று இல்லை. பெரியதொரு கூம்புக் குழாயின் வாய்முன் கலைஞர் அனைவரும் நெருங்கி நின்று வாசித்தனர். அவ்வொலி குழாயின் மறுமுனையிலுள்ள மெல்லிய தகட்டை அதிரச் செய்ய, அதனோடு பிணைந்த ஊசி சுழலும் மெழுகுத் தட்டிற் பள்ளம் கீறிச் சென்றது. அந்தப் பள்ளத்தின் படியே விற்பனைக்குரிய தட்டுகள் வார்க்கப்பட்டன. உரத்த ஒலியை இப்பொறி தாங்காது. ஊசி தடம் புரளும். மெல்லிய ஒலியோ பதிவாகாது.

1923 ஏப்ரலில், கிங் ஒலிவர் என்பாரின் கறுப்பினக் குழு இந்தியானா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் ஜெனெற் நிறுவனத்தின் பதிவுக்கூடத்திற்குச் சென்றது. பியானோத் தொழிற்சாலை ஒன்றின் அருகிலே, இருப்புப்பாதையை ஒட்டி அமைந்திருந்தது அக்கூடம். புகையிரதம் செல்லும்போதெல்லாம் பதிவை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. அக்குழுவிலே லூயி ஆம்ஸ்ட்ரோங் என்னும் இளைஞர் இரண்டாவது கோர்னெட் வாசித்தார். அவருடைய ஒலி ஏனையோர் ஒலியை விழுங்கிவிட்டமையால், அவரைக் கூம்பிலிருந்து விலகித் தூரத்தில் நிற்கச் செய்தனர். முரசறைபவரோ தம் பெரிய முரசைத் தவிர்த்து மரக்கட்டையைத் தட்டித் தாளம் காட்ட நேர்ந்தது. இன்று அத்தட்டைக் கேட்கும் ஒருவர், அக்காலத்து ஜாஸ் குழுக்களில் முரசொலி மெலிந்திருந்தது என்று கருதினால் அது பொறியின் குறையை இசையின் இயல்பாகக் கொண்ட தவறாகும்.

1925 இல் மின்சார ஒலிவாங்கி பதிவுக்கூடங்களுக்கு வந்தது. மேற்கூறிய குறைகளிற் பல நீங்கின. நீங்காது நின்றது கால அளவு. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே கொள்ளும். நடனசாலையில் ஒரு பாட்டைக் கால் மணி நேரம் விரித்து வாசித்த குழு, பதிவுக்கூடத்தில் மூன்று நிமிடத்திற்குள் அதனை அடக்க வேண்டியதாயிற்று. இக்கட்டுப்பாடு தீமையே செய்தது என்று சொல்லிவிடுதலும் நேர்மையாகாது. 1928 இல் ஆம்ஸ்ட்ரோங் பதிவு செய்த 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' என்னும் தட்டு, மூன்றேகால் நிமிடத்தில் ஒரு குறையுமின்றி நிறைவெய்திய கலைப்படைப்பு. குறளின் ஈரடி வள்ளுவர்க்குத் தடையாகவில்லை அன்றோ? ஆயினும் உலகிலுள்ள பாட்டெல்லாம் குறள் வெண்பாவாகவே இருத்தல் வேண்டும் என்று ஒரு தொழிற்சாலை விதி செய்தால் காப்பியங்கள் எங்கே பிறக்கும்? இன்றளவும் பெரும்பாலான மெல்லிசைப் பாடல்கள் மூன்று, நான்கு நிமிடத்தில் முடிவடையும் வழக்கம் அந்தப் பழைய தட்டின் விட்டத்திலிருந்து வந்தது என்பதைப் பலர் அறியார்.

பதிவு செய்தோர் பெற்ற ஊதியத்தையும் இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1920 இல் மேமி ஸ்மித் என்னும் கறுப்பினப் பாடகியின் 'கிரேசி புளூஸ்' என்ற தட்டு பெருவாரியாக விற்பனையாயிற்று. கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவர் என்பதை நிறுவனங்கள் அப்பொழுதே உணர்ந்தன. உணர்ந்தபின் அவர்க்கெனத் தனிப்பட்டியல் வகுத்து, 'இனத் தட்டுகள்' என்று பெயரிட்டு விற்றன. அப்பெயர் 1949 வரையில் வர்த்தகப் பத்திரிகையில் நிலைத்திருந்தது. 1923 முதல் கொலம்பியா நிறுவனத்திற்குப் பாடிய பெஸ்ஸி ஸ்மித், அக்காலத்துப் பாடகியருட் புகழின் உச்சியில் இருந்தவர். அவருக்கும் பாட்டுக்கு இவ்வளவென்று ஒரு தொகை கொடுக்கப்பட்டதேயன்றி விற்பனையிற் பங்கு கொடுக்கப்படவில்லை. தட்டில் அவர் குரல் உண்டு. அந்தக் கணக்கு தட்டில் இல்லை. அதனை வேறு ஆவணங்களிலிருந்தே தேடியறிதல் வேண்டும்.

அடுத்து, இசைத்தட்டு வரலாற்றிலே மௌனமாய்க் கிடக்கும் ஒரு காலப்பகுதி உண்டு. 1942 ஆகஸ்ட் 1 ஆம் நாள், ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையிலான அமெரிக்க இசைவாணர் சங்கம், இசைத்தட்டு நிறுவனங்களுக்கு எவரும் வாத்தியம் வாசித்தல் கூடாதெனக் கட்டளையிட்டது. வானொலியிலும் உணவுச்சாலைப் பெட்டிகளிலும் தட்டுகள் சுழலச் சுழல, நேரில் வாசித்துப் பிழைக்கும் கலைஞர் வேலை இழக்கின்றனர்; ஆதலால் விற்பனையில் ஒரு பங்கு சங்கத்தின் நிதிக்கு வருதல் வேண்டும் என்பதே கோரிக்கை. டெக்கா நிறுவனம் 1943 செப்டெம்பரில் இணங்கியது. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரையில் இணங்கவில்லை. போரும் அப்பொழுது நடந்துகொண்டிருந்தது. தட்டு வார்ப்பதற்கு வேண்டிய அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே செல்வது. கடல்வழி அச்சத்தாலும் படைத் தேவையாலும் அதற்கு முட்டு ஏற்பட்டது. பழைய தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தவர்க்கே புதியன விற்ற கடைகளும் இருந்தன.

பாடகர்கள் அச்சங்கத்தைச் சேர்ந்தவரல்லர். ஆகவே பிராங்க் சினாட்ரா போன்றோர் வாத்தியமின்றிக் குழுப்பாடகர் துணையுடன் பாடிப் பதிவு செய்தனர். குழுத்தலைவர்களின் பெயர் மங்கிப் பாடகர்களின் பெயர் ஓங்கியமைக்கு இதுவும் ஒரு காரணம் என்று ஆய்வாளர் கூறுவர்.

மற்றொரு விளைவு அதனினும் பெரிது. அதே ஆண்டுகளிலேதான் நியூயோர்க்கின் ஹார்லம் பகுதியிலுள்ள சிறு மன்றங்களில், சார்லி பார்க்கர், டிசி கில்லெஸ்பி முதலிய இளைஞர் 'பீபொப்' என்னும் புதிய ஜாஸ் முறையை உருவாக்கிக்கொண்டிருந்தனர். 1943 இல் அவ்விருவரும் ஏர்ல் ஹைன்ஸ் குழுவிற் சேர்ந்து வாசித்தனர். அக்குழு அவ்வாண்டில் ஒரு தட்டேனும் பதிவு செய்யவில்லை. 1945 இல் பார்க்கரும் கில்லெஸ்பியும் செய்த பதிவுகள் கடைகளுக்கு வந்தபோது, இப்புதிய இசை வானத்திலிருந்து குதித்ததுபோலப் பொதுமக்களுக்குத் தோன்றிற்று. படிப்படியாக வளர்ந்த ஒன்று திடீரெனப் பிறந்ததாகக் காணப்பட்டது. சான்று இல்லாத காலத்தை நிகழ்ச்சியில்லாத காலமென மயங்குதல் வரலாறு கற்போர் அடிக்கடி செய்யும் பிழை. இலக்கிய வரலாற்றில் 'இருண்ட காலம்' என்று சில நூற்றாண்டுகளை நாம் வழங்கிவந்த சொல்லையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

போர் முடிந்தபின் 1948 ஜூன் மாதத்தில் கொலம்பியா நிறுவனம் நெடுநேர இசைத்தட்டை உலகிற்கு அறிமுகம் செய்தது. நிமிடத்திற்கு 33⅓ முறை சுழல்வது. அரக்கை விடுத்து வைனிலால் ஆக்கப்பட்டது. பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்கு மேல் இசைப்பது. அடுத்த ஆண்டிலே விக்டர் நிறுவனம் 45 சுழற்சியுடைய சிறு தட்டை வெளியிட்டது. சிறு தட்டு தனிப்பாடலுக்கும் பெருந்தட்டு நீண்ட இசைக்கும் என நாளடைவில் வழக்கம் பிரிந்தது. 'அல்பம்' என்னும் சொல்லின் வரலாறும் இதனோடு தொடர்புடையது. முன்னர்ப் பல 78 சுழற்சித் தட்டுகளை உறைகளில் இட்டுப் புத்தகம்போலக் கட்டி விற்றனர். நிழற்படங்களை ஒட்டிவைக்கும் அல்பத்தைப் போன்றிருந்தமையால் அதற்கு அப்பெயர் வந்தது. கட்டு மறைந்து ஒரே தட்டாகிய பின்னும் பெயர் நிலைத்துவிட்டது. பெயர் நிலைத்ததோடு, பல பாட்டுக்களை ஒரே உணர்ச்சியிற் கோத்து ஒரு நூலாக அமைக்கும் எண்ணமும் வளர்ந்தது. 1955 இல் வெளிவந்த சினாட்ராவின் 'இன் த வீ ஸ்மோல் அவர்ஸ்' தனிமைத் துயரையே பொருளாகக் கொண்ட தொகுப்பு.

தட்டின் அளவு மாறியபோது இசை எவ்வாறு மாறியது என்பதை டியூக் எலிங்டன் வாழ்க்கையிற் காணலாம். 1963 இல் ஆசிய நாடுகளிற் சுற்றுப்பயணம் செய்தபோது இலங்கைக்கும் வந்து சென்ற இம்மேதை, நீண்ட படைப்புகளை ஆக்குவதில் ஆர்வமுடையவர். 1935 இல் தம் தாயின் மறைவுக்குப்பின் அவர் அமைத்த படைப்பு ஒன்று இரு தட்டுகளின் நான்கு பக்கங்களில் துண்டு துண்டாக வெளிவந்தது. கேட்போர் மும்முறை எழுந்து தட்டை மாற்றுதல் வேண்டும். 1937 இல் அவர் பதிவு செய்த 'டிமினுவெண்டோ அண்ட் கிரெஷெண்டோ இன் புளூ' என்பதும் ஒரு தட்டின் இருபுறமாகப் பிளந்தே வந்தது.

பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. 1956 ஜூலை 7 ஆம் நாள் நியூபோர்ட் நகர் விழாவில் எலிங்டன் குழு அதே படைப்பை வாசித்தது. இரு பகுதிகளுக்கும் இடையே போல் கொன்சால்வஸ் என்பவர் எழுந்து சாக்ஸபோனில் 27 ஆவர்த்தங்கள் இடைவிடாது மனோதர்மமாக வாசித்தார். அவையோர் எழுந்து ஆடத் தொடங்கினர். அவ்விரவு எலிங்டனின் புகழுக்கு மறுவாழ்வு அளித்தது. கொலம்பியா வெளியிட்ட அல்பமும் அமோகமாக விற்பனையாயிற்று. மூன்று நிமிடத் தட்டின் காலமாயின் இந்நிகழ்ச்சி வெளிவந்திருக்க வழியே இல்லை.

ஆனால் அந்த அல்பம் அன்றிரவை அப்படியே காட்டவில்லை. விழாவுக்கென எழுதிய புதிய படைப்பு போதிய ஒத்திகையின்றி வாசிக்கப்பட்டதால், அடுத்தடுத்த நாள் நியூயோர்க் பதிவுக்கூடத்தில் அதனை மீண்டும் வாசித்துப் பதிந்து, கரவொலியை மேலே சேர்த்தனர். கொன்சால்வஸின் வாசிப்போ நேரிற் பதிந்ததே. எனினும் அது தூரத்திலிருந்து வருவதுபோல் மெலிந்து ஒலித்தது. காரணம் எளியது. மேடையில் கொலம்பியாவின் ஒலிவாங்கியோடு 'அமெரிக்கக் குரல்' வானொலியின் ஒலிவாங்கியும் இருந்தது. அவர் வானொலியின் ஒலிவாங்கிமுன் நின்று வாசித்துவிட்டார். வானொலியின் ஒலிநாடா அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உறங்கிக் கிடந்து, 1996 இல் கண்டெடுக்கப்பட்டது. இரு நாடாக்களையும் கணத்துக்குக் கணம் ஒப்புநோக்கிப் பொருத்தி, 1999 இல் புதிய பதிப்பு வெளியிட்டனர். 43 ஆண்டுகளின்பின் கொன்சால்வஸின் வாசிப்பு உரிய இடத்திலிருந்து ஒலித்தது.

இதனை ஒத்த மற்றொரு செய்தியும் உண்டு. மைல்ஸ் டேவிஸ் 1959 மார்ச், ஏப்ரல் மாதங்களிற் பதிவு செய்து அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிவந்த 'கைண்ட் ஒப் புளூ' மிகப் புகழ்பெற்ற ஜாஸ் அல்பம். முதல்நாட் பதிவின்போது ஒலிநாடாப் பொறியொன்று சற்று மெதுவாக ஓடியமையால், அந்நாடாவிலிருந்து செய்த தட்டின் முதற்பக்கம் உரிய சுருதிக்குச் சிறிது மேலே ஒலித்தது. தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகிய மாணவர் தம் வாத்தியத்தின் சுருதி பொருந்தாமையைக் கண்டு மயங்கியிருத்தல் கூடும். காப்புக்காக வேறொரு பொறியில் எடுத்துவைத்த நாடா சரியான வேகத்தில் இருந்தது. அதனைக்கொண்டு 1992 இல் பிழை திருத்தப்பட்டது.

இவ்விரு செய்திகளும் நம்மவர்க்குப் புதியன அல்ல. கலித்தொகையை 1887 இல் அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் செய்த பணியும் இத்தகையதே. ஓர் ஏட்டை மட்டும் நம்பினால் எழுதுவோன் பிழையும் சேர்ந்தே வரும். ஈரேடு கிடைத்தாற் பாடம் ஒப்பிடலாம். ஒப்பிடுதற்கு மற்றோர் ஏடு எங்கோ ஒரு வீட்டுப் பரணிற் செல்லரியாது எஞ்சியிருத்தல் வேண்டும். காங்கிரஸ் நூலகத்து நாடாவும் அவ்வாறு எஞ்சிய ஏடே.

எஞ்சிய மற்றோர் ஏட்டையும் கூறுவேன். தெலோனியஸ் மொங்கும் ஜோன் கொல்ட்ரேனும் 1957 இல் நியூயோர்க் மன்றம் ஒன்றிற் பல மாதங்கள் சேர்ந்து வாசித்தனர். நிறுவனங்களின் ஒப்பந்தச் சிக்கலால் அவர்கள் கூடத்திற் பதிந்தவை மிகச் சிலவே. அவ்வாண்டு நவம்பர் 29 ஆம் நாள் கார்னெகி மண்டபத்தில் அவர்கள் வாசித்ததையும் 'அமெரிக்கக் குரல்' வானொலி நாடாவிற் பதிந்திருந்தது. அந்த நாடா 2005 இல் அதே நூலகத்திற் கண்டெடுக்கப்பட்டு அவ்வாண்டே அல்பமாக வெளிவந்தது. இசை நிறுவனங்கள் விட்டுவைத்த வெற்றிடத்தை ஒரு வானொலி நிலையத்தின் நாடா நிரப்பியது.

எஞ்சாது போனவையும் உள. 2008 ஜூன் 1 ஆம் நாள் ஹொலிவூட்டில் உள்ள யுனிவர்சல் வளாகத்தில் மூண்ட தீயில், பல நிறுவனங்களின் மூல ஒலிநாடாக்கள் வைத்திருந்த களஞ்சியம் எரிந்தது. அங்கு இசைநாடாக்களும் அழிந்தன என்ற செய்தி 2019 இல் பத்திரிகையொன்று எழுதிய பின்னரே உலகிற்குப் பரவலாகத் தெரிந்தது. யாழ்ப்பாண நூலகம் 1981 இல் எரிந்ததைக் கண்ட மக்களுக்கு இதன் பொருளை விரித்துரைத்தல் வேண்டா.

ஆதலின் ஒரு பழைய இசைத்தட்டைக் கேட்கும்போது நாம் நான்கு வினாக்களைக் கேட்டுக்கொள்ளுதல் நன்று. எப்பொறியாற் பதிந்தனர்? எவ்வளவு நேரம் அவர்க்கு அனுமதிக்கப்பட்டது? பதிவுக்கும் வெளியீட்டிற்கும் இடையே என்ன சேர்த்தனர், என்ன நீக்கினர்? பதிவுக்கூடத்தின் வாயிலுக்கு அழைக்கப்படாதோர் யாவர்? இவ்வினாக்கள் இசையின் இன்பத்தைக் குறைப்பனவல்ல. தூரத்தில் நின்று ஊதிய ஆம்ஸ்ட்ரோங்கையும் மரக்கட்டை தட்டிய முரசுக்காரரையும் அறிந்து கேட்பவர்க்கு அந்தக் கரகரத்த தட்டில் மற்றவர் கேளாத இசையும் கேட்கும்.

நம் நாட்டிலும் கோவில் திருவிழாவில் ஊதிய நாதசுரமும் கூத்துக் களரியிற் பாடிய பாட்டும் எங்கேனும் ஒரு நாடாவில் இருக்கலாம். வீட்டு அலுமாரியிலோ ஆலயத்தின் அறையிலோ நிலையங்களின் களஞ்சியத்திலோ அத்தகைய நாடாவைக் காண்போர், அதனைப் பழம்பொருளென்று வீசிவிடாது, அதன்மேல் நாளும் இடமும் வாசித்தவர் பெயரும் எழுதிவைப்பாராக. போல்டனின் இசையை நாம் இழந்தோம். அதற்கு அக்காலத்தவர் பொறி கிட்டவில்லை என்று காரணம் கூறலாம். பொறி கையிலிருந்தும் பேணாது விட்டோம் என்ற பழி நமக்கு வேண்டா.